எங்கள் சிறப்புப் பிள்ளைகள்: தோட்டத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சிறப்புப் பிள்ளைகளுக்கான சமூக மறுவாழ்வு மையம் ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை செய்தேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்ட குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். அவர்களின் தாய்மார்கள் ஒரே கேள்விகளைத்தான் மறுபடி மறுபடி கேட்டார்கள். பெரும்பாலும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இரண்டு வயதாகிவிட்டது, இன்னும் பேசவில்லை. இவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினாராம். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். தாமதமாகப் பேசி, பிறகு நன்றாக வந்தவர்களின் கதையைத்தான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பேசாமலே வளர்ந்த பிள்ளையின் கதையை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். ஒன்பது மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காராவிட்டால், 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டால், 18 மாதத்தில் நடக்காவிட்டால், இரண்டு வயதில் 'அம்மா வா' என்பதுபோல் இரண்டு சொற்களைச் சேர்க்காவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததும், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாததும் கவனிக்க வேண்டிய அடையாளங்களே. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால், எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.

பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். "பின்னாலிருந்து தட்டைத் தட்டினேன், திரும்பினானே" என்பார்கள். தட்டுச் சத்தம் கேட்கும் காதுக்குப் பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். கருவி வைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

முதலில் எங்கே போவது? தோட்டத்து டிரெசரிடமா?

தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் சொல்வதில் தவறில்லை. ஆனால் பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் அரசாங்கத் தாய் சேய் நலக் கிளினிக்தான் சரியான வாசல். ஆண் பிள்ளைக்கு நீல நிறத்திலும் பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு நிறத்திலும் கொடுத்த சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். 18 மாதத்தில் அங்கே 'எம்-சாட்' என்ற கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். ஆட்டிசத்தின் அடையாளங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கானது அது. வெட்கப்பட்டோ, மலாய் சரியாகப் புரியாமலோ எல்லாவற்றுக்கும் 'யா' (ஆம்) என்று குறித்துவிட்டு வந்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். புரியாத கேள்வியைத் தாதியிடம் கேளுங்கள்; அதற்காக அவர் கோபிக்க மாட்டார்.

அங்கிருந்து குழந்தை மருத்துவருக்குக் கடிதம் தருவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது பெரும்பாலும் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போ. மருத்துவர் முன்னால் பிள்ளை வீட்டில் இருப்பதுபோல் இருக்க மாட்டான். எனவே வீட்டில் விளையாடுவதையும் சாப்பிடுவதையும் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம்பிடித்துக் கொண்டுபோங்கள். எல்லாக் காகிதங்களுக்கும் ஒரே கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு பதிலிலும் அந்தக் கோப்பு தேவைப்படும்.

மாசமாக இருந்தபோது பப்பாளி சாப்பிட்டேன், கிரகணத்தில் வெளியே வந்தேன். என் தப்பா?

இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. 1959இலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கரு உருவாகும் வேளையில் நடப்பது அது. நீங்கள் சாப்பிட்டதும் நடந்ததும் அதை மாற்றியிருக்க முடியாது. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரியது. மூளை முடக்குவாதம் பிரசவத்துக்கு முன்போ, பிரசவத்தின்போதோ, அதற்குப் பிறகோ மூளைக்கு ஏற்படும் பாதிப்பால் வருவது.

தடுக்கக்கூடிய ஒன்றை மட்டும் இளம் தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை மிக அதிகமானால் மூளையும் காதும் பாதிக்கப்படும். வெயிலில் காட்டினால் போதும் என்று பாட்டி சொன்னாலும், வீட்டுக்கு வரும் தாதி இரத்தம் பார்க்கச் சொன்னால் அன்றே போய்விடுங்கள். ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடைந்து காமாலை கூடும் பிறவிக் குறை) உள்ள குழந்தையின் துணிகளோடு அந்துருண்டை வைக்கவே கூடாது.

சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படியா?

சில நோய்களுக்கு அதுவும் காரணம். தாய் தந்தை இருவரும் ஒரே குறைபாட்டு மரபணுவை மறைவாகச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு பிள்ளைக்கு அந்த நோய் வர உண்டு. மாமா மகள், அத்தை மகன் கட்டியவர்களுக்குப் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு மற்றவர்களைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று கூடும். தாய்மாமனைக் கட்டினால் இன்னும் கூடும். ஆனால் டவுன் சிண்ட்ரோமுக்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் தொடர்பில்லை. அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும் முன் குழந்தை மருத்துவரிடம் மரபணு ஆலோசனை கேளுங்கள். மாமியார் வீட்டையும் அம்மா வீட்டையும் மாற்றி மாற்றிக் குறை சொல்வதால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை.

தடுப்பூசி போட்ட பிறகுதான் இப்படி ஆனான் என்கிறார்களே?

அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆட்டிசத்தின் அடையாளங்கள் தெரியத் தொடங்கும் வயதும், அந்தக் கட்டுரை குறை சொன்ன எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசி) போடும் வயதும் ஏறக்குறைய ஒன்று. அதனால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது. தங்கைக்கும் தம்பிக்கும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

நேர்த்திக்கடன் வைத்திருக்கிறோம். கோயிலுக்குக் கொண்டுபோகலாமா?

தாராளமாக. உங்கள் நம்பிக்கை உங்களுக்குத் தெம்பு. அதைப் பறிக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்பவரையும், பேய் ஓட்டுகிறேன் என்று சூடு போடுபவரையும், அடிப்பவரையும் நெருங்கவிடாதீர்கள்.

சத்தம் தாங்காத பிள்ளையைத் தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயில் கூட்டத்துக்குள் கொண்டுபோனால், உறுமிச் சத்தத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அழுவான். சுற்றியிருப்பவர்கள் சாமி வந்துவிட்டது என்பார்கள்; விபூதியைப் போட்டு அமுக்கிப் பிடிப்பார்கள். கூட்டமில்லாத ஒரு நாள் காலையில் மொட்டை போட்டுத் திரும்புங்கள். முருகன் அன்றும் அங்கேதான் இருப்பார்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கிறோம். சரியா?

சாவி வேண்டாம், வெங்காயம் வேண்டாம், வாயில் கரண்டியோ விரலோ வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தானே நிற்கும். சாவி கொடுத்ததால் நின்றது என்று தோன்றுவதும் அதனால்தான்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ 999ஐ அழையுங்கள். தோட்டத்து மண்சாலையில் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால், யாருடைய வண்டி, யார் ஓட்டுவார் என்பதை இன்றே முடிவு செய்து வையுங்கள்.

மருத்துவமனையில் மலாய், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ். குழம்பிவிடுவான், தமிழை நிறுத்துங்கள் என்கிறார்கள். நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள். எத்தனை முறை கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழிகள் கற்கிறார்கள். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் அதட்டவும் தாலாட்டவும் வருமோ, அந்த மொழியில்தான் பிள்ளை அதிகமான பேச்சைக் கேட்பான். தெரிந்த நாற்பது ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு "கம், சிட், ஈட்" என்று பேசும் வீட்டில் அவன் காதில் விழுவது அந்த நாற்பதுதான்.

ஒரு வீட்டில் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தமிழை நிறுத்தச் சொன்ன பிறகு அந்த அம்மாள் பேரனிடம் பேசவே பயந்துவிட்டார். பகல் முழுவதும் அவனோடு இருப்பவர் அவர்தான். ஆறு மாதம் அந்த வீட்டில் பகலெல்லாம் தொலைக்காட்சி மட்டும்தான் பேசியது. பிறகு பாட்டியை மையத்துக்கு வரவழைத்து, "நீங்கள் பேசுங்கள் பாட்டி, அதுதான் அவனுக்கு மருந்து" என்றோம். முருங்கைக்கீரை உருவும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து, 'இலை', 'காம்பு', 'போடு' என்று சொல்லத் தொடங்கினார். அவன் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் சொல் 'போடு'.

பேச்சுப் பயிற்சியாளர் மலாயில் கற்றுத்தரும் முறையைக் கவனியுங்கள். வீட்டில் அதையே தமிழில் செய்யுங்கள்.

பயிற்சியாளரை மாதம் ஒரு தடவைதான் பார்க்க முடிகிறது. வீட்டில் என்ன செய்வது?

தனியாக நேரம் ஒதுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். விடியுமுன் பிரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு)ப் போய், பகலெல்லாம் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வரும் தாயிடம், மாலையில் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குளிப்பதும் உடுத்துவதும் பசியாறுவதும் எப்படியும் நடக்கப்போகின்றன, அவற்றையே பயிற்சியாக்கிவிடலாம்.

சட்டைப் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படியிலிருந்து சொல்லிக் கொடுத்தால் பாதியில் தோற்று எறிந்துவிடுவான். கடைசிப் படியை மட்டும் அவனிடம் விடுங்கள். பொத்தானை ஓட்டைக்குள் பாதி நுழைத்துவிட்டு, மறுபக்கத்தில் எட்டிப்பார்க்கும் பாதியை அவனை இழுக்கச் சொல்லுங்கள். இழுத்ததும் வேலை முடிந்துவிடும், முடித்தவன் அவன். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படியை விட்டுக்கொடுங்கள். ஒரு பையனுக்கு அவன் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையில் தொடங்கினோம். அதில்தான் பொத்தான் பெரியது, ஓட்டையும் தளர்ந்திருந்தது. நான்கு மாதம் ஆயிற்று. பள்ளிச் சட்டையைத் தானே போட்டுக்கொண்ட அன்று பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று ஏறியிருந்தன. அவன் அம்மா திருத்தாமல் அப்படியே அனுப்பினார். நல்ல முடிவு.

பேசாத பிள்ளைக்குப் படங்கள் உதவும். பேரங்காடி விளம்பரத் தாளிலிருந்து மைலோ, ரொட்டி, சோப்பு படங்களை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். படத்தை எடுத்து நீட்டினால் பொருள் கிடைக்கும் என்று அவன் புரிந்துகொண்டாலே பாதி அழுகை அடங்கும். படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

திடீரென்று தலையைச் சுவரில் முட்டுகிறான், கடிக்கிறான். அடித்தால்தான் அடங்குகிறான்.

அடங்குவது பயத்தால், காரணம் உள்ளேயே இருக்கும். திடீரென்று தொடங்கியிருந்தால் முதலில் வலியைத் தேடுங்கள். காதில் சீழ், பல் சொத்தை, மலச்சிக்கல் இம்மூன்றையும் பாருங்கள். சொல்ல வாயில்லாத பிள்ளை உடம்பால் சொல்கிறான். வலி இல்லை என்றால், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். முட்டினால் கைப்பேசி கிடைக்கும் என்று கற்றிருந்தால், முட்டாமல் கேட்க ஒரு வழியை (மேலே சொன்ன படம் போல) கற்றுக்கொடுத்து, அப்படிக் கேட்டதும் உடனே கொடுங்கள்.

ஓகேயூ அட்டை எடுத்தால் காலத்துக்கும் முத்திரை விழுந்துவிடாதா?

ஓகேயூ என்பது உடற்பேறு குறைந்தோருக்கான (மாற்றுத்திறனாளிகளுக்கான) அரசாங்க அட்டை. அதைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவதில்லை. உங்கள் கோப்பில் இருக்கும். அது இல்லாவிட்டால் அரசாங்கக் கணக்கில் உங்கள் பிள்ளை உடற்பேறு குறைந்தவர்களுள் ஒருவனாக இருக்கவே மாட்டான். கணக்கில் இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகையும் இல்லை, மருத்துவமனைக் கட்டண விலக்கும் இல்லை, ரயில் கட்டணக் கழிவும் இல்லை.

2008ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டத்தின்கீழ் சமூகநலத் துறை பதிவு செய்கிறது. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என ஏழு பிரிவுகள். டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு எல்லாம் கற்றல் பிரிவில் வரும். மருத்துவர் நிரப்பிய பாரம், பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட் (பிள்ளைகளுக்கான அடையாள அட்டை) நகல், படம், பெற்றோர் அடையாள அட்டை நகல் வேண்டும். கட்டணம் கிடையாது. நடுவில் நின்று பணம் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமே இல்லையே?

அப்படியென்றால் வேறெதற்கும் முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும். 60 நாளுக்குள் பதியாத பிறப்பைத் தாமதப் பதிவாகப் பதியலாம். தேசியப் பதிவுத் துறைக்குப் போக வேண்டும். பிரசவ மருத்துவமனைக் காகிதம், தடுப்பூசிப் புத்தகம், பெற்றோரின் திருமணப் பத்திரம் என இருப்பதையெல்லாம் எடுத்துப் போங்கள். பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யாமல் கோயிலில் மட்டும் தாலி கட்டியிருந்தால் குடியுரிமையில் சிக்கல் வரலாம். மலாயில் பேசத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். அலைய வேண்டியிருக்கும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். நான் பார்த்ததிலேயே மனம் வலித்தது, 15 வயதுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் லயத்து வீட்டின் (தோட்டத்து வரிசை வீட்டின்) பின்னறையில் இருந்த ஒரு பெண் பிள்ளைதான்.

பிடிகே மையம் என்பது பள்ளியா?

பள்ளியல்ல. சமூக மறுவாழ்வுத் திட்டம். 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கியது. சமூகநலத் துறை ஆதரிக்க, உள்ளூர்க் குழு நடத்தும். கைகால் பயிற்சி, தன்பராமரிப்பு, பேச்சு, எழுத்து, பெரியவர்களுக்குக் கைத்தொழில் என அவரவர் நிலைக்கு ஏற்பக் கற்பிப்பார்கள். பள்ளி வயதுக்கு முன்பும் போகலாம், பள்ளி முடிந்த பிறகும் போகலாம். பெற்றோர் அரை நாளாவது கூட இருந்து பார்த்தால், வீட்டில் என்ன செய்வது என்பதற்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஏழு வயதாகிறது. தமிழ்ப்பள்ளியில் சேர்க்க முடியுமா? 'இங்கே வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள்.

சிறப்புக் கல்வி மூன்று வகை: தனிச் சிறப்புப் பள்ளி, சாதாரணப் பள்ளிக்குள் நடக்கும் பிபிகேஐ எனும் சிறப்பு வகுப்பு, மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமரும் உள்ளடங்கிய கல்வி. சில தமிழ்ப்பள்ளிகளில் சிறப்பு வகுப்பு உண்டு; எல்லாவற்றிலும் இல்லை. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் இல்லையென்றால், தேசியப்பள்ளியின் சிறப்பு வகுப்பில் சேர்ப்பது துரோகம் ஆகாது. எங்கு போனாலும் வீட்டுத் தமிழ் வீட்டில் இருக்கட்டும்.

மறுக்கும் தலைமையாசிரியரோடு வாசலில் வாதாடாதீர்கள். மருத்துவர் உறுதிப்படுத்திய காகிதத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சிறப்புக் கல்விப் பிரிவுக்குப் போங்கள். எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று அங்கே தெரியும். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். சிறப்புப் பிள்ளைக்கும் அது உரிமை. 2013ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிகளின்படி, மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் வைத்து, எந்த வகைக் கல்வி பொருந்தும் என்று பார்ப்பார்கள். அந்த மூன்று மாதத்தில் பிள்ளை அழுவான், பையைத் தூக்கி எறிவான். அதைப் பார்த்து நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள். கருப்பையை எடுத்துவிட்டால் நல்லது என்கிறார்கள்.

அவளுடைய உடம்பு அது. சுத்தம் செய்ய முடியவில்லை என்பதற்காக உறுப்பை அறுத்தெடுக்கக் கூடாது. முதல் தீட்டுக்கு ஓராண்டு முன்பே பழக்கத் தொடங்குங்கள்: உள்ளாடையில் பேனாவால் எல்லை வரைந்து அதில் பஞ்சுப்பட்டையை ஒட்டச் செய்யுங்கள், சிவப்புச் சாயம் தொட்டு மாற்றிக் காட்டுங்கள். பொத்தானைப் போலவே கடைசிப் படியிலிருந்து வரலாம். இரத்தம் அதிகம், வலி தாங்கவில்லை என்றால் மருத்துவர் மாத்திரை தருவார்.

கருப்பையை எடுத்தால் கெடுப்பவனிடமிருந்து காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. கர்ப்பம் வராது, கொடுமை நடக்கும், தடயமும் இருக்காது. உறுப்புகளின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். யார் குளிப்பாட்டலாம், யார் தொடக் கூடாது என்று பெயர் சொல்லிப் பழக்குங்கள். தொடுகிறவர் பெரும்பாலும் தெரிந்தவராகத்தான் இருப்பார். சந்தேகம் வந்தால் துணியைத் துவைக்காமல் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். 15999 என்ற தாலியான் காசே (அரசாங்க உதவித் தொலைபேசி) எண்ணையும் அழைக்கலாம். குடும்ப மானம் என்று மூடி மறைத்தால் அவளுக்கு மறுபடியும் நடக்கும்.

மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். தம்பியைப் பற்றிச் சொல்லலாமா?

முதல் நாளே சொல்லுங்கள். பெண் பார்க்க வரும் அன்று தம்பியைப் பக்கத்து வீட்டில் விடாதீர்கள். அவனை மறைத்துவிட்டு முடித்த சம்பந்தத்தில், அவள் காலமெல்லாம் தம்பியைப் பார்க்க வரத் தயங்குவாள். டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றில் 'எனக்குப் பிறப்பதற்கும் வருமா' என்று அவள் கேட்டால், மேலே சொன்ன மரபணு ஆலோசனைக்கு அவளையும் அழைத்துப் போங்கள்.

நாங்கள் போன பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காத தாயை நான் பார்த்ததில்லை. சில வேலைகளை இன்றே செய்யலாம். பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) பதிந்த தொழிலாளி இறந்து, வாரிசு ஓய்வூதியம் கிடைக்கும்போது, மற்ற பிள்ளைகளுக்கு அது 21 வயதில் நிற்கும். சொந்தமாகப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு அதற்குப் பிறகும் தொடரும். எனவே உங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். குத்தகையாளரிடம் வேலை செய்பவர்கள் கட்டாயம் பாருங்கள். பாதுகாவலர் யார் என்பதை உறவினர் முன்னிலையில் பேசி, எழுத்தில் வையுங்கள். 'அக்கா பார்த்துக்கொள்வாள்' என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, ஒரு பயிற்சிப் புத்தகம். எங்கள் மையத்துக்கு வந்த ஒரு தாய் தன் மகனைப் பற்றி எழுதத் தொடங்கினார். மாத்திரையின் பெயரும் நேரமும். சோற்றில் குழம்பு ஓடினால் சாப்பிட மாட்டான், தனிக் கிண்ணம் வேண்டும். மழைச் சத்தத்தில் தகரக் கூரையின்கீழ் தூங்க மாட்டான், வானொலி போட வேண்டும். வலது காதைத் தேய்த்தால் வலிக்கிறது என்று பொருள். அவரால் எழுத முடியாதவற்றை மகள் கேட்டு எழுதினாள். பக்கங்கள் நிறைந்ததும் ஈப்போவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஒரு நகல், மையத்துக்கு ஒரு நகல். ஒவ்வொரு தீபாவளிக்கும் மகள் வந்து மாறியதை அடித்துத் திருத்துகிறாள்.